பிளாஸ்டிக்கைப் போட்டு எண்ணெய் ஆட்டும் செக்கு!

எள்ளைப் போட்டு ஆட்டினால் நல்லெண்ணெய் வரும். தேங்காயைப் போட்டு ஆட்டினால் தேங்காயெண்ணெய் வரும். வேப்பங்கொட்டையைப் போட்டு ஆட்டினால், முகத்தைச் சுளித்துக்கொண்டேனும் எடுத்துக்கொள்ளலாம், வேப்பெண்ணெய் வரும். பழைய பால் பாக்கெட்டையும் மளிகைக்கடைப் பையையும் உடைந்த வாளியையும் போட்டு ஆட்டினால்?

"எண்ணெய் வரும்!" என்கிறார்கள்.

யார் சொல்கிறார்கள்? குறி சொல்பவரா? ரசவாதியா? செம்பைப் பொன்னாக்குகிறேன் என்று கிளம்பிய சாமியாரா? இல்லை. விஞ்ஞானம் படித்தவர்கள், ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள், ஆலை கட்டி ஓட்டிக் காட்டியவர்கள் சொல்கிறார்கள். ஆகவே நாம் கேலி பேசவில்லை. கேள்வி கேட்கிறோம்.

"உண்மையிலேயே வருமா?"

"வரும்."

"அந்த எண்ணெயிலிருந்து மறுபடியும் புதுப் பிளாஸ்டிக் செய்யலாமா?"

"செய்யலாம்."

"அப்படியானால் ஊருக்கு ஊர் இருக்கிற குப்பைமேடெல்லாம் இனி எண்ணெய்க் கிணறுதானே?"

இந்த இடத்தில்தான் பதில் சொல்பவர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். அந்தக் கனைப்புக்குப் பொருள் என்ன என்பதைத்தான் இன்று எழுதப் புகுகிறோம்.

ஜூஜுவாடிக்குச் சென்றிருந்தோம். ஓசூரைத் தாண்டிப் பெங்களூர் நோக்கிப் போகிற நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி வாசல் அது. வாசலைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கருநாடக மாநிலம். ஒரே தேநீர்க் கடையில் தமிழிலே ஒருவர் தேநீர் கேட்கிறார், தெலுங்கிலே ஒருவர் சில்லறை கேட்கிறார், கன்னடத்திலே ஒருவர் வழி கேட்கிறார். கடைக்காரர் மூன்று பேருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்கிறார். மொழிப் பிரச்சினைக்குத் தீர்வு தேடி மாநாடு கூட்டுகிறவர்கள் அந்தக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

இந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். செய்கிற பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. உறைக்கு மேல் ஓர் உறை. அந்த உறை கிழியாதிருக்க இன்னோர் உறை. அந்தப் பக்கம் பெங்களூர் மாநகரம். அது கழிக்கிற குப்பைக்கு எல்லை ஏது? 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்குக்கு இருந்த தடுப்பு போயிற்று. குப்பைக்கோ எந்நாளும் தடுப்பு இருந்ததில்லை!

ஆற்றைப் பாருங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிற தென்பெண்ணை, பெங்களூர்க் கழிவைச் சுமந்துகொண்டு, ஓசூருக்குப் பக்கத்திலே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேரும்போது நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறது. பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியது போன்ற நுரை. "எங்கள் மாநில நுரை இதுவரை, உங்கள் மாநில நுரை இதற்கு மேல்" என்று கோடு போட முடிகிறதா? 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொண்டுவந்து நெல்லை மாவட்டத்துக் கிராமங்களிலே கொட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கேரளம் லாரி அனுப்பித் திரும்ப அள்ளிச் சென்றது. அள்ளிப் போக ஆள் வந்தது அபூர்வம். கொட்டிப் போக ஆள் வருவது அன்றாடம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கருநாடகம் 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டது. எந்தக் கனமானாலும் தடை. தமிழ்நாட்டுத் தடை 2019 சனவரி 1-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. இடையிலே ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் இங்கே 50 மைக்ரானுக்கு மேற்பட்ட பை விற்கலாம், வாங்கலாம், வீசலாம். சாலைக்கு அந்தப் பக்கம் குற்றம். இந்தப் பக்கம் வியாபாரம்! ஒரே பை, ஒரே காற்று. காற்று அடித்தால் பை சட்டத்தை மீறிவிடும்! இன்று இரு பக்கமும் தடை உண்டு. 2022 சூலை முதல் நாடு முழுவதுமே ஒருமுறை வீசியெறியும் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தமிழ்நாட்டில் தொடங்கியது. பை குறைந்திருக்கலாம். பொட்டலம்? பிஸ்கட் உறை? எண்ணெய் பாக்கெட்? தொழிற்சாலைப் பொதி உறை? அவற்றுக்குத் தடை இல்லை. அவைதாம் லாரி லாரியாக நகர்கின்றன.

சாலையை விட்டு இறங்கி, ஒரு காயலான் கடைக்குள்ளே போனோம். தகரக் கொட்டகை. ஒரு பக்கம் மலை போல் மூட்டை. நடுவிலே நான்கைந்து பெண்கள் குந்தியிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை. ஒரு நொடிக்கு ஒரு பொருள்: எடுப்பதும், கசக்குவதும், எறிவதும் ஒரே அசைவு. ஐந்து குவியல்; ஒன்றுகூடத் தவறி விழவில்லை.

"எப்படியம்மா கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

வயதிலே மூத்த அம்மையார் சிரித்தார். "கை சொல்லிடுங்கய்யா. கசக்குனா சத்தம் வரும், அது ஒரு தினுசு. இழுத்தா நீளும், அது எல்.டி. வாளி, டப்பாவெல்லாம் எச்.டி. சந்தேகம் வந்தா தண்ணியில போட்டுப் பாத்துக்குவோம். மெதந்தா ஒரு சாதி, முங்குனா ஒரு சாதி."

பிளாஸ்டிக்குக்குமா சாதி என்று நமக்குச் சிரிப்பு வந்தது. சாதி பார்ப்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்துப் பேசுகிற நாம், இந்த ஓரிடத்திலே மட்டும் பார்த்தே தீரவேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது! ஏனென்று சொல்கிறோம்.

1933-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலே இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஃபாசெட், கிப்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எத்திலீன் என்கிற வாயுவை ஏதோ ஒரு சோதனைக்காகக் கடும் அழுத்தத்திலே வைத்தார்கள். எதிர்பார்த்தது கிட்டவில்லை. பாத்திரத்தின் அடியிலே மெழுகு போல் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மெழுகுதான் பாலிதீன். இன்று உங்கள் வீட்டுப் பால் பாக்கெட். எத்திலீன் அணுத்திரள் ஒன்றோடொன்று கைகோத்து, ஆயிரமாயிரமாக நீண்ட சங்கிலியாகிவிட்டது. அவ்வளவுதான் சூத்திரம். புரொப்பிலீன் கைகோத்தால் பாலிபுரொப்பிலீன். ஸ்டைரீன் கைகோத்தால் பாலிஸ்டைரீன். இந்த எத்திலீனும் புரொப்பிலீனும் எங்கிருந்து வருகின்றன? பூமிக்கடியில் இருந்து எடுக்கிற எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்.

எண்ணெய் பிளாஸ்டிக் ஆனது என்றால் பிளாஸ்டிக்கை எண்ணெய் ஆக்க முடியாதா? முடியும். சங்கிலியை அறுத்தால் போதும். காற்றுப் புகாத கொப்பரையிலே போட்டு, 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் சங்கிலி துண்டு துண்டாக அறுபடும். காற்று இருந்தால் தீப்பற்றி எரிந்துவிடும். காற்றில்லாததால் எரியாது, சிதையும். ஆவியாகி மேலே வருவதைக் குளிரவைத்தால் எண்ணெய். குளிர்ந்தும் எண்ணெயாகாத வாயுவைத் திருப்பிவிட்டு அதே அடுப்பை எரிக்கலாம். அடியிலே கரி தங்கும். பைரோலிசிஸ் என்று இதற்குப் பெயர். வெப்பச் சிதைவு என்று தமிழிலே சொல்லலாம்.

நம் நாட்டிலே இது புதிதல்ல. நாகபுரியிலே அல்கா சட்காவ்கர் என்கிற வேதியியல் பேராசிரியை 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளிலேயே பிளாஸ்டிக்கிலிருந்து எரிபொருள் எடுத்துக் காட்டினார். புனே பக்கத்திலே ஜெஜூரியில் மேதா தாட்பத்ரிகர் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளியும் சிறு ஆலை நடத்தினார்கள். டேராடூனில் இருக்கிற இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் 2019 ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கை விழுங்கி 800 லிட்டர் டீசல் தரும் ஆலையைத் திறந்தது. இவையெல்லாம் எரிபொருள் எடுத்த கதை. எண்ணெயிலிருந்து திரும்பவும் பிளாஸ்டிக் என்கிற அடுத்த படிக்கு, 2024 தொடக்கத்திலே ரிலையன்ஸ் நிறுவனம் தன் ஜாம்நகர் ஆலையைக் காட்டியது. குப்பைப் பிளாஸ்டிக் எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைக்குள் ஊற்றி, சுழற்சிப் பிளாஸ்டிக் என்று சான்றிதழோடு முதல் சரக்கை அனுப்பிவிட்டோம் என்று அறிவித்தது.

வரவேற்கிறோம். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் ஆர். வாசுதேவன், தாரோடு பிளாஸ்டிக்கைக் கலந்து சாலை போடலாம் என்று 2002-லேயே செய்து காட்டியபோது வரவேற்றது போலவே வரவேற்கிறோம். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குப்பையிலே பொருளைப் பார்க்கிற கண் பெரிய கண்தான்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, தோழர்களே! மேடையிலே மறைந்துகொள்ளும், ஆலையிலே வந்து நிற்கும்.

முதற் கணக்கு, பிரிக்கிற கணக்கு. கொப்பரையிலே எதையும் போடலாமா? கூடாது. மிதக்கிற சாதி, அதாவது பாலிதீனும் பாலிபுரொப்பிலீனும், நல்ல எண்ணெய் தரும். முங்குகிற சாதியிலே பி.வி.சி. இருக்கிறது: பழைய குழாய், கம்பி உறை, மேசை விரிப்பு. அது சூடானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கக்கும். அந்த அமிலம் இரும்பைத் தின்னும், எண்ணெயைக் கெடுக்கும். தண்ணீர்ப் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கோ தன்னுள்ளே உயிர்வாயுவை வைத்திருப்பதால் எண்ணெய்க்குப் பதில் அமிலப் படிவுகளைத் தந்து குழாயை அடைக்கும். புதுப் பிளாஸ்டிக் செய்கிற ஆலைக்குள் போக வேண்டுமானால் எண்ணெயிலே குளோரின் பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறார்கள். அப்படியானால் கோடிக்கணக்கிலே முதல் போட்டுக் கட்டுகிற ஆலையின் தலையெழுத்தை (தலையெழுத்திலே நமக்கு நம்பிக்கை இல்லை, பேச்சுக்குச் சொல்கிறோம்) யார் எழுதுகிறார்கள்? தகரக் கொட்டகையிலே குந்தியிருக்கிற அந்த அம்மையாரின் விரல்! கையுறை இல்லாத அந்த விரல் ஒரு பி.வி.சி. துண்டைத் தவறவிட்டால், கொப்பரை புளித்துப் போகும்.

இரண்டாவது கணக்கு, எடைக் கணக்கு. டேராடூன் ஆலை ஒரு டன்னுக்கு 800 லிட்டர் தருகிறது. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ எடை இருக்காது. ஆகவே 800 லிட்டர் என்பது 700 கிலோவுக்கும் உள்ளேதான். அதை எரித்துவிட்டால் கதை அதோடு முடிந்தது. பையைச் சாலையோரம் கொளுத்துவதற்குப் பதில் லாரியின் வயிற்றுக்குள் கொளுத்தினோம், அவ்வளவே. அதே அளவு எண்ணெயை எரிக்காமல், பிளாஸ்டிக் செய்ய அனுப்புகிறோம் என்று வையுங்கள். நாப்தா உடைக்கிற ஆலையில் 800 டிகிரிக்கும் மேலே மறுபடி சூடேற்ற வேண்டும். அங்கே நூறு கிலோ போனால் எத்திலீன் சுமார் 30 கிலோ, புரொப்பிலீன் சுமார் 15 கிலோ. மற்றவை வேறு வேறு பொருள்களாகப் போகும். வீண் என்று சொல்லவில்லை, பை ஆகாது என்று சொல்கிறோம். கூட்டிக் கழித்துக் கைக்கணக்குப் போட்டால் ஒரு டன் பை உள்ளே போய், ஏறத்தாழ 300 கிலோ பைக்கான சரக்கு வெளியே வருகிறது. நூறு பை போட்டால் முப்பது பை! மீதியைப் பூமிதான் தரவேண்டும், பழையபடி.

மாறாக, சுத்தமான வாளியையோ பாட்டிலையோ கழுவி, நறுக்கி, உருக்கிக் குருணையாக்கினால் போட்ட எடையிலே பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். 800 டிகிரி வேண்டியதில்லை. 200, 250 போதும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் தேயும், தரம் இறங்கும் என்பது உண்மை. தேய்ந்து தேய்ந்து இனி உருக்கவே முடியாது என்ற நிலையில் கொப்பரைக்கு அனுப்பு என்றால் அது அறிவு. நல்ல வாளியையே கொப்பரையில் போடு என்றால்? எள் இருக்க எள்ளுருண்டையை வாங்கிச் செக்கில் போடுகிற புத்தி!

மூன்றாவது கணக்கு, கணக்குப்பிள்ளை கணக்கு. இது கொஞ்சம் வேடிக்கையானது. நம் ஊர்ப் பால் சங்கத்திலே நூறு குடம் எருமைப் பாலோடு ஒரு குடம் பசும்பாலை ஊற்றிக் கலந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் சங்கத்துக் கணக்குப்பிள்ளை, "ஒரு குடம் பசும்பால் உள்ளே போனது, ஆகவே வெளியே போகிற குடங்களில் ஏதாவது ஒன்றின் மீது 'பசும்பால்' என்று சீட்டு ஒட்டிக்கொள்ளலாம்" என்கிறார். அந்தக் குடத்திலே இருப்பது பெரும்பாலும் எருமைப் பால்தான். ஆனால் ஏட்டிலே தவறில்லை! குப்பை எண்ணெய் சுத்தக் குறைவானது என்பதால் பூமியெண்ணெயோடு கொஞ்சமாகக் கலந்துதான் ஆலைக்குள் விடுகிறார்கள். வெளியே வருகிற பிளாஸ்டிக்கிலே எது குப்பை வழி வந்தது, எது பூமி வழி வந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஏட்டுக்கணக்குப்படி ஒரு பகுதிக்கு 'மறுசுழற்சி' என்று சீட்டு ஒட்டப்படுகிறது. எடைச் சமன்கணக்கு என்று பெயர். உலகமெல்லாம் இந்த முறைக்குச் சான்றிதழ் உண்டு. மோசடி என்று நாம் சொல்லவில்லை. சீட்டைப் படிக்கிற தாய்மார், பாக்கெட்டுக்குள்ளே இருப்பது வேறு, ஏட்டிலே இருப்பது வேறு என்பதைத் தெரிந்துகொண்டு படிக்கவேண்டும் என்கிறோம்.

இந்தச் சீட்டுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? சட்டம் வந்துவிட்டது. உற்பத்தி செய்தவனே குப்பைக்கும் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதி வகுத்தது. கெட்டிப் பிளாஸ்டிக் உறையிலே 2025-26 முதல் நூற்றுக்கு 30 பங்கு மறுசுழற்சிச் சரக்கு இருக்கவேண்டும். 2028-29-இல் அது 60 ஆக வேண்டும். மெல்லிய உறைக்கு 10-லிருந்து 20. பல அடுக்கு உறைக்கு 5-லிருந்து 10. நல்ல விதி. ஆனால் அதே விதியிலே இன்னொரு வரியும் இருக்கிறது, அதைப் பலர் உரக்கப் படிப்பதில்லை. மறுசுழற்சி செய்யவே முடியாத பிளாஸ்டிக்கைத்தான் சாலைக்கும், சிமெண்டு ஆலைக்கும், மின்சாரத்துக்கும், எண்ணெய்க்கும் அனுப்பவேண்டும் என்கிறது. அதாவது எண்ணெயாக்கி எரிப்பதை அது மறுசுழற்சி வரிசையில் உட்கார வைக்கவில்லை. இறுதிச்சடங்கு வரிசையில் உட்கார வைத்திருக்கிறது. பைரோலிசிஸ் ஆலை என்று பலகை மாட்டிக்கொண்டு எவரேனும் எல்லைப்புறத்திலே இடம் கேட்டு வந்தால், முதற் கேள்வி இதுதான்: எண்ணெய் எங்கே போகிறது? லாரி வயிற்றுக்கா, மறுபடி பிளாஸ்டிக்குக்கா?

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்த்துவிடுவோம். ஜப்பானின் சப்போரோ நகரிலே 2000-இல் பெரிய பிளாஸ்டிக் எண்ணெய் ஆலை தொடங்கினார்கள்; சுமார் பத்தாண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே ஆஷ்லி என்ற ஊரில், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் விழுங்கும் என்று பறைசாற்றப்பட்ட ஆலை, 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஆரிகன் மாநிலத்துப் பாலிஸ்டைரீன் ஆலை 2024-இல் மூடப்பட்டது. எக்சான்மொபில் என்ற எண்ணெய்ப் பேரரசின் மீது கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2024 செப்டம்பரில் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனம் 'உயர்தர மறுசுழற்சி' என்று விளம்பரம் செய்கிற முறையிலே நூற்றுக்கு 92 பங்கு மறுபடி பிளாஸ்டிக் ஆவதில்லை, பெரும்பாலும் எரிபொருளாகப் போகிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுக்கிறது, தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். எதிர்ப்பக்கமும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டென்னசி மாநிலம் கிங்ஸ்போர்ட்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் பெட் பிளாஸ்டிக்கைக் கொப்பரையில் சிதைக்காமல், மெத்தனால் ஊற்றி அதன் மூலப்பொருளாகவே பிரித்தெடுக்கிறது. ஆண்டுக்கு 1,10,000 டன் கொள்ளளவு, 2024-இல் ஓடத் தொடங்கியது. ஒரே சாதிப் பிளாஸ்டிக், ஒரே வேலை. கலந்துகட்டி வந்த குப்பையை வைத்துக்கொண்டு அவர்களும் அதைச் செய்ய முடியாது.

நம் நாட்டு அனுபவமோ இன்னும் அருகிலே இருக்கிறது; பிளாஸ்டிக்கிலே அல்ல, அதன் பெரியண்ணன் டயரிலே. பழைய டயரை இதே கொப்பரையில் போட்டு எண்ணெய் எடுக்கிற ஆலைகளை 2019-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கெடுத்தது. 19 மாநிலங்களில் 637 ஆலை. விதிப்படி நடந்தவை 251, நடக்காதவை 270, மூடப்பட்டவை 116. விதியை மதித்தவனைவிட மதிக்காதவன் அதிகம்! கரி பறந்து வயலிலே படிந்தது, நாற்றம் ஊரைச் சூழ்ந்தது, வாயு வெளியேற வழியின்றிக் கொப்பரை வெடித்த சேதிகள் வந்தன. வெளிநாட்டுப் பழைய டயரை எண்ணெய்க்காக இறக்குமதி செய்வதையே 2022-இல் தடைசெய்ய வேண்டியதாயிற்று. ஓசூர் என்றால் ரோசாத் தோட்டம், காய்கறி, கேழ்வரகு. பக்கத்து வயலிலே ரோசா மொட்டு விடுகிறபோது மேலே கரித்தூள் விழுந்தால், அந்த விவசாயி எந்த ஏட்டுக்கணக்கிலே நட்டஈடு எழுதிக்கொள்வார்? அடுப்பு எரிகிறது, ஆலை ஓடுகிறது, ஆகவே முன்னேற்றம் என்று நாம் கைதட்டிவிட முடியாது. புகைபோக்கியிலே என்ன வருகிறது, கரியை எங்கே கொட்டுகிறார்கள், கழுவிய தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊர் கேட்கவேண்டும். கேட்டால் சொல்லவேண்டும். சொன்னதை ஆலை வாசலிலே பலகையில், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி மாட்டவேண்டும். தேநீர்க் கடைக்காரரால் முடிகிறது; ஆலை முதலாளியால் முடியாதா?

"அப்படியானால் இந்த விஞ்ஞானமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று எவரேனும் கேட்கலாம். விஞ்ஞானத்தை வேண்டாமென்று சொல்கிற பரம்பரை அல்ல நாம்! 2019-இல் உலகம் 46 கோடி டன் பிளாஸ்டிக் செய்தது. 35 கோடி டன்னுக்கு மேல் குப்பையாக எறிந்தது. அந்தக் குப்பையிலே மறுசுழற்சி ஆனது நூற்றுக்கு 9 என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு. இந்தியா 2020-21-இல் சுமார் 41 லட்சம் டன் எறிந்தது என்கிறது நம் மாசு வாரியம். இவ்வளவு குப்பைக்கு நடுவே எந்தக் கருவியையும் வேண்டாமென்று தள்ள முடியாது. கழுவவும் உருக்கவும் முடியாத அழுக்கு உறைக்கு, மூன்று நான்கு அடுக்கை ஒட்டிச் செய்த பொட்டலத்துக்கு, இன்று என்ன வழி? அரியலூர் சிமெண்டு ஆலையிலே நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். இல்லையேல் மண். இல்லையேல் மாடு. அந்த இடத்திலே கொப்பரைக்கு வேலை உண்டு. அந்த இடத்திலே மட்டும்!

பொட்டலம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தலைக்குத் தேய்க்கிற ஷாம்பூவைச் சின்னச் சின்ன உறையிலே அடைத்து விற்பது நம் கடலூர் மண்ணிலே வளர்ந்த யோசனை. 1983-இல் சிக் ஷாம்பூ அப்படித்தான் வந்தது. பாட்டில் வாங்க வக்கில்லாத வீட்டுப் பெண், பணக்கார வீட்டுப் பெண் தேய்க்கிற அதே நுரையை ஒரு ரூபாய்க்கும் குறைவாகத் தேய்க்க முடிந்தது. அதிலே ஒரு சமத்துவம் இருந்தது என்பதை மறைக்க மாட்டோம். நம் வீட்டிலும் தேய்த்தோம். அந்த உறையை எங்கே எறிந்தோம் என்று மட்டும் இன்றுவரை நினைவில்லை.

உலக நாடுகளோ பேசிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் மாசுக்கு ஓர் உலக ஒப்பந்தம் செய்வோம் என்று 2022 மார்ச்சில் நைரோபியிலே முடிவெடுத்தார்கள். 2024 கடைசியில் கொரியாவின் பூசானில் கூடினார்கள், உடன்பாடில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், உடன்பாடில்லை. உற்பத்தியைக் குறைக்கவேண்டும் என்று ஒரு கட்சி. குப்பையை மட்டும் கவனித்தால் போதும் என்று ஒரு கட்சி. எண்ணெய் விற்கிற நாடுகள் எந்தக் கட்சியிலே இருக்கும் என்பதை ஊகிக்க வேதியியல் படிக்கவேண்டியதில்லை. "குப்பையிலிருந்து எண்ணெய்" என்ற பாட்டு அவர்கள் காதுக்கு இனிப்பதும் அதனால்தான்: குப்பைதான் எண்ணெயாகிவிடுமே, பிறகு ஏன் குறைக்கவேண்டும்?

கடைசியாகக் கூலிக் கணக்கு. நமக்கு முதற் கணக்கே இதுதான். முறைக்காகக் கடைசியில் வைத்தோம். பெங்களூர் மாநகராட்சி 2011-இல் குப்பை பொறுக்குவோருக்கு அடையாள அட்டை கொடுத்தது. "நீயும் இந்த நகரத்துக்கு வேலை செய்கிறவன்" என்று ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்துக்குப் பின்னே அவர்கள் சங்கம் கண்டார்கள், சேகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தகரக் கொட்டகையிலே நாம் பார்த்த அம்மையாரிடம் அட்டை எதுவும் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணாடி கிழித்தால் அவர் செலவு. ஊசி குத்தினால் அவர் விதி. உற்பத்தியாளர் பொறுப்பு என்கிற புதிய விதியிலே சான்றிதழுக்குச் சந்தை இருக்கிறது. டன் கணக்கிலே அது வாங்கி விற்கப்படுகிறது. மறுசுழற்சி செய்த ஆலைக்குச் சான்றிதழ். அதை வாங்கிய கம்பெனிக்கு நிம்மதி. ஆலைக்குள்ளே போகுமுன் ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்து, மிதப்பது எது முங்குவது எது என்று பிரித்துக் கொடுத்த விரலுக்கு அந்தச் சான்றிதழ்ப் பணத்திலே எத்தனை பைசா? சான்றிதழ் ஒவ்வொன்றிலும் பிரித்தவர் பங்கு இன்னது என்று ஒரு பத்தி சேர்க்கட்டும். கையுறையும் மருத்துவக் காப்பும் ஆலை உரிமத்தின் நிபந்தனையாகட்டும். கோடி ரூபாய்க் கொப்பரையைப் பி.வி.சி.-யிடமிருந்து காப்பாற்றுவது அந்தக் கை என்றால், அந்தக் கைக்கு ஒரு கையுறைகூடவா கொடுக்கக்கூடாது?

புறப்படும்போது அந்த அம்மையார் ஐந்து குவியலுக்கும் அப்பால், சுவரோரம் கிடந்த ஆறாவது குவியலைக் காட்டினார். பளபளவென்று வெள்ளிநிறம்: பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பூ உறை.

"இதுக்கு மட்டும் யாரும் காசு குடுக்கறதில்லைங்கய்யா. பிரிச்சுப் போடறதோட சரி. எண்ணெய் எடுக்கறாங்கன்னு சொன்னீங்களே, அவங்க இதை எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அம்மா."

"கிலோ என்ன விலைக்குங்க?"

நாம் சட்டைப் பையைத் துழாவினோம். அதிலே ஆலைகள் வெளியிட்ட அறிக்கைகளின் குறிப்பு இருந்தது: எத்தனை டிகிரி, எத்தனை டன், எத்தனை லிட்டர், எந்தச் சான்றிதழ். அவர் கேட்ட விலை மட்டும் அதிலே எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஷாம்பூ உறையை எடுத்து, கசக்காமலே, சுவரோரம் எறிந்துவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தார்.